குளிசையும் ஊசியும்

உடற்பருமனைக் குறைப்பதற்குக் குளிசை உகந்ததா, ஊசி உகந்ததா என்னும் வினா இன்று பல நாடுகளிலும் எழுந்துள்ளது. இதனை வசதி பற்றிய வினாவாக மட்டும் நாம் கொள்ளுதல் பொருந்தாது. இம்மருந்துகளின் வரலாற்றை நோக்கின், உழைப்பும் விலையும் அதனூடே தொடர்ந்து வருவதைக் காணலாம்.

முதலாம் உலகப் போர்க் காலத்தில், பிரான்சின் வெடிமருந்துத் தொழிற்சாலைகளில் டைநைட்ரோபீனால் என்னும் இரசாயனத்தைக் கையாண்ட தொழிலாளர் காய்ச்சலுற்று மெலிந்தனர், சிலர் மாண்டனர். அந்த நஞ்சையே 1933இல் அமெரிக்காவின் ஸ்டான்போர்ட் பல்கலைக்கழக ஆய்வாளர் மெலிவு மருந்தாக முன்வைத்தனர். சிறிது காலத்துள் 1 இலட்சம் பேராவது அதனை உட்கொண்டனர் என மதிப்பிடப்பட்டது. உயிரிழந்தோரும் பார்வையிழந்தோரும் தோன்றிய பின்னரே, 1938ஆம் ஆண்டுச் சட்டம் அதற்கு முடிவு கட்டியது. 1997இல் பென்புளூரமின் என்னும் குளிசையும், இருதய வால்வுகளைக் கெடுத்தமையால், சந்தையினின்று நீக்கப்பட்டது. விழுங்குதற்கு எளிதென்பதனால் ஒரு மருந்து தீங்கற்றதாகிவிடாது.

ஊசியின் கதை வேறு. 1921இல் ரொறன்ரோவில் இன்சுலின் கண்டறியப்பட்டது. புரதமாகிய அது வயிற்றிற் செரித்துவிடுமாதலால் ஊசி தவிர வேறு வழியிருக்கவில்லை. இன்றைய செமகுளூடைட் மருந்துக்கும் இதே இடர்ப்பாடு உண்டு. உடல் எடையைக் குறைப்பதற்கென 2021இல் அமெரிக்காவில் அங்கீகாரம் பெற்ற அதன் ஊசியின் முழு அளவு வாரம் 2.4 மில்லிகிராம். 2025 டிசெம்பரில் அங்கீகாரம் பெற்ற குளிசையின் முழு அளவோ நாளொன்றுக்கு 25 மில்லிகிராம். அதாவது வாரம் 175 மில்லிகிராம். உட்கொள்வதில் மிகச் சிறு பகுதியே குருதியிற் சேர்வதனால், 70 மடங்குக்கு மேற்பட்ட மருந்துப் பொருள் வேண்டியதாகின்றது.

குளிசைக்குக் குளிர்சாதனப் பெட்டி வேண்டாம். ஆனால், நாள்தோறும் வெறுவயிற்றில் சிறிதளவு நீருடன் விழுங்கி அரைமணி நேரம் காத்திருத்தல் வேண்டும். ஊசியைக் குளிரிற் பேண வேண்டும். ஆயினும் வாரம் ஒருமுறை போதும். இவற்றை நிறுத்தியதும் குறைந்த எடை பெரும்பாலும் மீளுகின்றது. எனவே, எதைத் தெரிந்தாலும் நெடுங்காலம் பணம் கொடுத்தாக வேண்டும்.

எது தக்கது என்பதை வைத்தியரும் நோயாளரும் கூடித் தீர்மானிக்கட்டும். சமுதாயம் தீர்மானிக்க வேண்டியது விலையையே. பான்ரிங்கும் அவர்தம் துணைவரும் 1923இல் இன்சுலின் காப்புரிமையைத் தலைக்கு 1 டொலருக்கு ரொறன்ரோ பல்கலைக்கழகத்திடம் ஒப்படைத்தனர். 2025இல் உலக சுகாதார நிறுவனம், பருமனும் இரண்டாம் வகை நீரிழிவும், அவற்றோடு இருதய நோயோ நாட்பட்ட சிறுநீரக நோயோ உடையோருக்கென, செமகுளூடைட் முதலியவற்றை இன்றியமையா மருந்துப் பட்டியலிற் சேர்த்தது. இன்றியமையாதது எனப்பட்ட பொருள் உழைக்கும் மக்களின் கைக்கு எட்டாதிருப்பின், குளிசையா ஊசியா என்னும் தெரிவு செல்வருக்கு மட்டுமே உரியதாகும். அந்நிலையை மாற்றக் குரல் கொடுப்பது நம் கடனாகும்.