கழங்கும் கைக்குறியும்

மகளிர் கையால் ஆடும் ஆட்டங்களுள் கழங்கு, அம்மானை, பந்து என்னும் மூன்றும் தமிழிலக்கியத்தில் மிகுதியும் பயின்று வருவன. அவற்றுள் கழங்கு ஆடுகருவியாதலோடு குறியறி கருவியாகவும் விளங்கியது. விளையாட்டும் குறியும் ஒரு பொருளில் ஒன்றியிருந்த அந்நிலை, பிற்காலத்தில் என்ன வடிவு கொண்டது என்பதைத் திருக்குற்றாலக் குறவஞ்சி கொண்டு ஆராய்தல் இக்கட்டுரையின் நோக்கமாகும்.

கழற்சிக் கொடியின் உருண்டு திரண்ட வன்மையான விதையே கழங்கு. செல்வ மகளிர் அதனைப் பொன்னாற் செய்தும் ஆடினர். பொற்கழங்கு கொண்டு மகளிர் மணலில் ஆடும் காட்சியை ஆலத்தூர்கிழார் பாடிய புறநானூற்று 36ஆம் பாட்டிலும், கடியலூர் உருத்திரங்கண்ணனாரின் பெரும்பாணாற்றுப்படையிலும் காண்கிறோம். புறப்பாட்டில் வரும் பொருநை கருவூரை அடுத்த ஆன்பொருநையே. குற்றாலத்துச் சிற்றாறு சென்று கலக்கும் தென்பாண்டித் தண்பொருநை அன்று. பெயரொப்புமை கருதி இரண்டனையும் மயங்குதல் கூடாது.

இனி, அதே கழங்கு வேலன் கையில் வேறு தொழில் செய்கிறது. தலைவியின் மெலிவுக்குக் காரணம் அறியத் தாய் வேலனை அழைப்பாள். அவன் கழங்கு பார்த்து, இது முருகனால் வந்தது என்பான். கபிலர் பாடிய ஐங்குறுநூற்று வெறிப்பத்தில் தோழி இக்குறியின் பொய்ம்மையை எள்ளி உரைக்கிறாள். மெலிவுக்குக் காரணம் தலைவன்மேற் கொண்ட காதல். கழங்கு அதனை அறியவில்லை. மகளிர் ஆடுங்கால் இன்பம் தந்த கருவி, குறி கூறுங்கால் பிழைபடுகின்றது.

ஆடுகருவியே குறிகருவியாதல் தமிழகத்துக்கு மட்டும் உரியதன்று. கிரேக்கர் ஆட்டின் கணுக்கால் எலும்புகளை எறிந்து விளையாடினர். அக்காயா நாட்டுப் பூரா என்னும் ஊரை அடுத்த எராக்கிளீசின் குகையில், அவ்வெலும்புகளை எறிந்தே குறி கேட்டனர் எனக் கி.பி. 2ஆம் நூற்றாண்டினரான பௌசானியாசு எழுதியுள்ளார். அந்நூற்றாண்டினரான பொல்லக்சு, மகளிர் ஆடிய ஐங்கல் ஆட்டத்தை விளக்குகிறார்: ஐந்து கல்லையும் மேலெறிந்து புறங்கையில் ஏற்பர், கீழே விழுந்தவற்றைப் புறங்கைக் கல் நழுவாமல் விரலால் எடுப்பர்.

நம் நாட்டில் தட்டாங்கல், ஐந்தாங்கல், சொட்டாங்கல் என ஊர்தோறும் பெயர் வேறுபட வழங்கும் ஆட்டமும் இதனை ஒத்ததே. ஒரு கல்லை மேலெறிந்து, அது விழுமுன் தரையிலுள்ள நான்கனையும் முதலில் ஒவ்வொன்றாகவும், பின் இரண்டிரண்டாகவும், பின் மூன்றும் ஒன்றுமாகவும், இறுதியில் ஒருசேரவும் எடுப்பர். புறங்கையில் ஏற்றலும் உண்டு. கொரியச் சிறுமியர் ஆடும் கொங்கி இப்படிநிலைகளையே உடையது. சப்பானியர் சிறு பயறு பெய்த துணிப்பைகளை எறிந்தாடுவர். கருவி வேறுபடினும் எறிதலும் ஏற்றலும் மாறவில்லை. சங்கரன்கோவிலிற் பிறந்த தேவநேயப் பாவாணர், 1954இல் வெளியிட்ட தமிழ்நாட்டு விளையாட்டுகள் என்னும் நூலில், ஆண்பால், பெண்பால், இருபால் எனப் பகுத்து நம் ஆட்டங்களைத் தொகுத்தமை நன்றியுடன் நினைத்தற்குரியது.

கையாடல் பாட்டாக மாறிய வரலாறும் ஈண்டு நோக்கத்தக்கது. சிலப்பதிகார வாழ்த்துக்காதையில் அம்மானை வரி சோழனையும், கந்துக வரி பாண்டியனையும், ஊசல் வரி சேரனையும் வாழ்த்துகின்றன. பின்னர்க் கலம்பக உறுப்பாகிய அம்மானையில் மகளிர் மூவர் உரையாடுவர். ஒருத்தி கூற, மற்றொருத்தி வினவ, மூன்றாமவள் விடை பகர்வாள். காய் கைம்மாறியது போலச் சொல்லும் மூவரிடை மாறிவருகின்றது.

இந்நெறியில் வந்தவர் தென்காசியை அடுத்த மேலகரத்துத் திரிகூடராசப்பக் கவிராயர். மதுரை நாயக்கர் மரபில் 1706 முதல் 1732 வரை ஆண்ட விசயரங்க சொக்கநாத நாயக்கர் காலத்தவர் அவர். அவர்தம் குறவஞ்சியில் வசந்தவல்லி பந்தாடுகிறாள், உலாவரும் குற்றாலநாதரைக் கண்டு காதலுறுகிறாள், மெலிகிறாள். குறத்தி சிங்கி வந்து அவள் கையைப் பார்த்துக் குறி கூறுகிறாள். சிலம்பில் பாண்டியனை வாழ்த்திய பந்து, பாண்டியர் இறுதியாக ஆண்ட தென்காசிச் சூழலில், இறைவனைக் காணும் வாயிலாக அமைந்துவிடுகிறது.

வெறிப்பத்தையும் குறவஞ்சியையும் ஒப்பிடின் இரண்டு வேறுபாடுகள் புலனாகும். வேலன் குறி பொய்த்தது. சிங்கியின் குறி காதலை உள்ளவாறே உணர்த்திற்று. வேலன் நம்பியது கழங்கை. சிங்கி நோக்கியது தலைவியின் கையை. அக்கையே சற்றுமுன் பந்தாடிய கை. எனவே ஆடுகருவியே குறிகருவியாதல் என்னும் பழைய உறவு இங்கும் நிலைபெறுகின்றது. கழங்கின் இடத்தைக் கை பெற்றது என்பதே வேறுபாடு.

இதுகொண்டு கழங்குக் குறியே கைக்குறியாக வளர்ந்தது எனக் கூறல் பொருந்தாது. குறி கூறும் அகவன்மகள் குறுந்தொகையிலேயே உளள். சிங்கி அம்மரபினள் எனலே அமைவுடைத்து. நாம் துணிவது, ஆட்டத்தையும் குறியையும் அருகருகே வைத்துத் தலைவியின் காதலைப் புலப்படுத்தும் அகமரபு குற்றாலம்வரை அறாது வந்தது என்பதேயாம்.

புலவர் பாடிய ஆட்டங்கள் ஏட்டில் நின்றன. சிறுமியர் தட்டாங்கல்லோடு பாடும் எண்ணுப்பாட்டுகள் நாவளவில் நிற்பன. ஆடுவார் அருகின் அவையும் அருகும். குறவஞ்சியைக் கற்கும் மாணவர் தென்காசிப் பகுதித் தெருக்களில் அவற்றையும் ஆடுமுறையுடன் கேட்டு எழுதுவாராயின், நூலில் பெயராக நிற்கும் கழங்கு கையின் தொழிலாகவும் விளங்கும்.