ஆண்டிபட்டித் தறிகளும் அங்காடி நேர்மையும்

மதுரையிலிருந்து மேற்கே தேனிக்குச் செல்லும் சாலையில், கணவாயைக் கடந்ததும் எதிர்ப்படும் ஊர் ஆண்டிபட்டி. அதனையொட்டிய சக்கம்பட்டியும், சற்றுத் தள்ளியுள்ள டி.சுப்புலாபுரமும் நெசவுக்குப் பெயர் பெற்றவை. இவற்றுக்கு அப்பால் தேனி, சின்னமனூர், உத்தமபாளையம், கம்பம், கூடலூர் என நீண்டு கிடக்கிறது கம்பம் பள்ளத்தாக்கு. 1895இல் பெரியாறு அணையின் நீர் மலையைக் குடைந்து இப்பக்கம் இறங்கியது முதல் அப்பள்ளத்தாக்கு நெல்லும் வாழையும் திராட்சையும் விளையும் பசுமை நிலமாயிற்று. ஆண்டிபட்டிப் பக்கமோ பெரும்பாலும் வானம் பார்த்த பூமி. ஒரு பக்கம் ஏரும் மறுபக்கம் தறியும் சோறு போட்ட இம்மாவட்டம், 1996இல் மதுரையிலிருந்து பிரிக்கப்பட்டுத் தேனி மாவட்டம் எனத் தனிப் பெயர் பெற்றது.

ஆண்டிபட்டிப் பகுதியின் நெசவுத் தெருக்களில் இன்று பெரிதும் கேட்பது விசைத்தறியின் இடைவிடாத ஓசையே. குழிக்குள் காலைத் தொங்கவிட்டு, மிதியை மாற்றி மாற்றி அழுத்தி, நாடாவை ஓடவிட்டுச் சேலை நெய்த குழித்தறிகள் அருகிவிட்டன. இதைக் கண்டு வருந்துவோர், இயந்திரம் வந்தது, கைத்தொழில் அழிந்தது என்று ஒரே வரியில் வரலாற்றை முடித்துவிடுகின்றனர். மகிழ்வோர், ஏழைக்கு மலிவாகத் துணி கிடைத்தது என்று அதே வேகத்தில் முடித்துவிடுகின்றனர். இரண்டு கூற்றிலும் உண்மை உண்டு. இரண்டுமே முழு உண்மை அல்ல. நடந்தது என்ன என்பதைச் சற்று நின்று பார்ப்பது நலம்.

முதலில் அழிந்தது எது?

பிரித்தானிய ஆலைகளின் நூலும் துணியும் பத்தொன்பதாம் நூற்றாண்டில் இந்நாட்டுச் சந்தைகளை நிரப்பின. 1892இல் மதுரையிலேயே ஹார்வி சகோதரர்களின் நூற்பாலை இயங்கத் தொடங்கியது. ஆலையின் முதல் அடியைத் தாங்கியது தறியன்று, இராட்டை. கையால் நூற்ற நூலைவிட ஆலை நூல் மலிவாகவும் சீராகவும் இருந்ததால், வீட்டுத் திண்ணையில் நூற்றுச் சில காசுகள் ஈட்டிய பெண்கள், அவர்களுள் குறிப்பாகக் கைம்பெண்கள், அத்தொழிலை இழந்தனர். நெசவாளரோ அதே ஆலை நூலை வாங்கிப் பாவு ஓட்டித் தம் தொழிலைக் காத்துக்கொண்டனர். நாம் இன்று பழைமையின் சின்னமாகக் கருதும் கைத்தறித் துணி, நூறு ஆண்டுகளுக்கும் மேலாக ஆலையின் நூலைக் கொண்டே நெய்யப்பட்டு வருகிறது. நூற்பாலைகள் தம் உற்பத்தியில் ஒரு பங்கைக் கைத்தறிக்குரிய சிட்டா நூலாகவே தரவேண்டும் என்னும் அரசு விதி இன்றும் உள்ளது. 2003இல் 40 விழுக்காடாக இருந்த அப்பங்கு 2019இல் 30 விழுக்காடாகக் குறைக்கப்பட்டது.

தறியும் மாறாமல் இருந்ததில்லை. 1733இல் இங்கிலாந்தில் ஜான் கே கண்ட விசை நாடாவை, இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் சேலத்தில் ஒரு நெசவுக் கூடம் அமைத்து ஆல்பிரட் சாட்டர்டன் இம்மாகாணத்தில் பரப்ப முயன்றார். கயிற்றை இழுத்ததும் நாடா பாயும் அம்முறையால் நெசவாளரின் வேகம் கூடியது. 1935இல் கோ-ஆப்டெக்ஸ் தோன்றி, கூட்டுறவுச் சங்கங்களின் துணியை விற்கும் பொறுப்பை ஏற்றது. ஆகவே கைத்தறி, இயந்திரத்தைத் தீண்டாமல் தனித்து நின்ற ஒன்றல்ல. தனக்கு உதவியதை ஏற்றுக்கொண்டே வாழ்ந்த தொழில் அது.

மதுரையில் எழுந்த வினா

மலிவு என்பது எளிதாக ஒதுக்கிவிடக்கூடிய வாதமன்று என்பதை உணர்த்திய நிகழ்வு ஒன்று, தேனியையும் தன்னுள் கொண்டிருந்த அன்றைய மதுரை மாவட்டத்தின் தலைநகரிலேயே நடந்தது. கிலாஃபத், ஒத்துழையாமை இயக்கங்கள் கைகோத்திருந்த 1921ஆம் ஆண்டு அது. காந்தியடிகளுடன் தென்னாட்டுப் பயணம் வந்துகொண்டிருந்த மௌலானா முகம்மது அலி, செப்டம்பர் 14 அன்று வால்டேரில் கைது செய்யப்பட்டார். தனித்துப் பயணத்தைத் தொடர்ந்த காந்தியடிகள், மதுரைக்கு வரும் இரயிலில் அந்நியத் துணி உடுத்தியிருந்த சகபயணிகளிடம் கதரைப் பற்றிப் பேசினார். கதர் வாங்கும் அளவுக்குத் தங்களிடம் பணமில்லை என்பதே அவருக்குக் கிடைத்த மறுமொழி. அதற்கு அவரிடம் விடையில்லை. செப்டம்பர் 22 அன்று மதுரையில் அவர் அரையாடைக்கு மாறினார்.

முகம்மது அலி, ஷௌகத் அலி ஆகியோரின் அன்னை பீ அம்மா முதிய வயதிலும் ஊர் ஊராகச் சென்று கதரைப் பரப்பியவர். அத்தகையோரின் தியாகம் பெரிது. ஆயினும் இரயிலில் அந்த ஏழைப் பயணிகள் எழுப்பிய வினா அப்படியே நின்றது. கைவினையைப் போற்றும் எவரும் முதலில் அதற்கு முகங்கொடுத்தாக வேண்டும்.

அதே வினா இன்று கம்பம் பள்ளத்தாக்கில் வேறு உருவில் நிற்கிறது. விடியுமுன் ஜீப்புகளில் நெருக்கியடித்து ஏறிக் குமுளி, போடிமெட்டு மலைப்பாதைகள் வழியாக ஏலத்தோட்டங்களுக்குச் செல்லும் பெண்கள் பல்லாயிரவர். மழையிலும் சேற்றிலும் நாள் முழுதும் உழைக்கும் அவர்களுக்கு, விரைவில் உலர்வதும் விலை குறைந்ததுமான சேலையே உதவும். அவர்களிடம் போய்க் கைத்தறியின் பெருமையை உபதேசிப்பது அறமாகாது. ஒற்றை மாற்றுடைகூட இல்லாதிருந்த தலைமுறைகளின் பேரப்பிள்ளைகள் பெருநாளிலும் திருவிழாவிலும் புத்தாடை உடுத்துகிறார்கள் என்றால், அதில் இயந்திரத்துக்குப் பெரும்பங்கு உண்டு. அதை நிஃமத் என ஒப்புக்கொள்வதில் நமக்குத் தயக்கம் வேண்டியதில்லை.

சட்டம் வகுத்த எல்லை

விடுதலைக்குப் பின் அரசு இரு மனத்தோடு இருந்தது. 1954இல் கனுங்கோ குழு, கைத்தறிகளைப் படிப்படியாக விசைத்தறிகளாக மாற்றப் பரிந்துரைத்தது. மறு ஆண்டே கார்வே குழு, வேலைவாய்ப்பைக் காக்க ஆலை நெசவின் வளர்ச்சியை நிறுத்தி வைக்கச் சொன்னது. ஆலைகளுக்கு வேலி போடப்பட்டது. ஆனால் வேலிக்கு வெளியே, சிற்றூர்களின் கூடங்களில், நான்கும் எட்டுமாக விசைத்தறிகள் பெருகின. கைத்தறி நெசவாளரை இறுதியில் வென்றது தொலைவிலிருந்த மான்செஸ்டர் அன்று. அடுத்த தெருவிலிருந்த தறி. பல குடும்பங்களில் தந்தை குழித்தறியிலும் மகன் விசைத்தறியிலும் அமர்ந்தனர். ஆண்டிபட்டிப் பகுதியின் பருத்திச் சேலை நெசவு இவ்வழியிலேயே பெரிதும் விசைத்தறிக்குச் சென்றது.

1985இல் நாடாளுமன்றம் கைத்தறி ஒதுக்கீட்டுச் சட்டத்தை இயற்றியது. முதலில் 22 வகைத் துணிகள் கைத்தறிக்கே உரியவை எனப்பட்டு, பின்னர் அவை 11 ஆகக் குறைக்கப்பட்டன. குறிப்பிட்ட வகைச் சேலை, வேட்டி, துண்டு, ஜமுக்காளம் ஆகியவற்றோடு, நம் வீடுகளில் அன்றாடம் புழங்கும் கைலியும் அப்பட்டியலில் உண்டு. விசைத்தறியாளர் தொடுத்த வழக்கில் 1993இல் உச்சநீதிமன்றம் சட்டம் செல்லும் என்றது. ஆயினும் கைத்தறிக்குரிய இரகங்கள் விசைத்தறியில் ஓடுவதும், கைத்தறி எனும் பெயரிலேயே விற்கப்படுவதும் நின்றபாடில்லை. 1995-96 கணக்கெடுப்பில் நாடெங்கும் சுமார் 65 இலட்சமாக இருந்த கைத்தறித் தொழிலாளர் தொகை, 2019-20இல் 35 இலட்சமாகச் சுருங்கியது.

விசைத்தறிக்கு மாறியவரும் செல்வராகிவிடவில்லை. சக்கம்பட்டியிலும் டி.சுப்புலாபுரத்திலும் கூலி உயர்வு கோரி விசைத்தறித் தொழிலாளர் பலமுறை வேலைநிறுத்தம் செய்துள்ளனர். 2023இல் தமிழக அரசு இரு மாதங்களுக்கு விசைத்தறிக்கு 1000 அலகும் கைத்தறிக்கு 300 அலகும் கட்டணமில்லா மின்சாரம் என உயர்த்தியது. துணி மலிவானபோது அம்மலிவின் சுமையைச் சுமந்தவர் யார் என்பதற்கு அவ்வேலைநிறுத்தங்களே சான்று.

முன்னோர் நோக்கிய விதம்

இச்சிக்கலை நம் அறிஞர்கள் முன்பே சிந்தித்துள்ளனர். இப்னு கல்தூன் (1332-1406) தம் 'முகத்திமா'வில் தொழில்களுக்கென ஒரு பெரும்பகுதியை ஒதுக்கியுள்ளார். நெசவையும் தையலையும் மனித நாகரிகத்துக்கு இன்றியமையாதவையாக அங்கே எண்ணுகிறார். ஒரு தொழில் செழிப்பதும் நலிவதும் அதை நாடுவோரைப் பொறுத்தது என்பது அவரது முடிவு. கேட்பாரற்ற தொழிலைக் கற்க எவரும் தம் ஆயுளைச் செலவிடார். கைத்தறிக்காகக் கண்ணீர் விடுவோர் பலர், வாங்குவோர் சிலர் என்னும் நம் நிலைமைக்கு இதைவிடத் தெளிவான விளக்கம் தேவையில்லை.

சந்தையைக் கண்காணித்த முஹ்தசிபுகளுக்காக எழுதப்பட்ட கையேடுகள் இன்னும் நுட்பமானவை. கி.பி. 12ஆம் நூற்றாண்டில் ஷாம் நாட்டில் வாழ்ந்த அஷ்ஷைஸரீ தம் நூலில் நெசவாளர்க்கும் சாயக்காரர்க்கும் தனித்தனி இயல்கள் வகுத்தார். ஒருவர் நெய்யக் கொடுக்கும் நூலை எடை போட்டு வாங்க வேண்டும். நெய்த துணியையும் எடை போட்டே திருப்ப வேண்டும் என்கிறார். மஞ்சிட்டிக்குப் பதில் மருதாணியால் சிவப்பேற்றும் சாயக்காரரை அவர் கண்டிக்கிறார். அச்சிவப்பு பார்வைக்குப் பளிச்சென்றிருந்து வெயில் பட்டதும் போய்விடும். மலிவுச் சரக்கு விற்பது அங்கே குற்றமாகச் சொல்லப்படவில்லை. மலிவானதை உயர்ந்ததாகக் காட்டி விற்பதே குற்றம். மேற்பரப்பு காய்ந்தும் உள்ளே ஈரமாகவும் இருந்த தானியக் குவியலில் நபிகள் நாயகம் (ஸல்) கைவிட்டுப் பார்த்த நிகழ்ச்சியை அறிந்தோர்க்கு இதன் வேர் விளங்கும். ஈரத் தானியத்தையும் விற்கலாம். மக்கள் காணும்படி மேலே வைத்து விற்க வேண்டும்.

நெய்தவிடத்தைத் துணியே சொல்லும் ஏற்பாடும் நம் வரலாற்றில் இருந்தது. அப்பாஸிய, பாத்திமிய ஆட்சிகளில் 'திராஸ்' எனும் எழுத்துக் கரையிட்ட துணிகள் அரசுக் கூடங்களில் நெய்யப்பட்டன. கலீஃபாவின் பெயரோடு, நெய்த ஊரும் ஆண்டும் பல துணிகளில் பொறிக்கப்பட்டன. ஆட்சியின் பெருமைக்காகத் தோன்றிய வழக்கமே எனினும், இன்று அருங்காட்சியகங்களில் அத்துணியை அடையாளம் காட்டுவது அவ்வெழுத்துக் கரைதான். 2006இல் இந்திய அரசு வெளியிட்ட கைத்தறி முத்திரை, வாங்குவோரின் உறுதிக்காக அதே பணியைச் செய்ய முயல்கிறது.

அடையாளம் காக்கப்படாவிடில் என்னவாகும் என்பதைக் கடல் கடந்து பார்க்கலாம். மலாய் முஸ்லிம்கள் தொழுகைக்கு உடுத்தும் கட்டம் போட்ட கைலிக்குக் 'காயின் பெலிக்காட்' என்று பெயர். அப்பெயர் நம் பழவேற்காட்டிலிருந்து சென்றது. சோழமண்டலக் கரைத் துணி, தமிழ் முஸ்லிம் வணிகர் உள்ளிட்டோரின் மரக்கலங்களில் தென்கிழக்காசியா சென்ற காலத்தின் எச்சம் அது. இன்று அப்பெயரில் விற்கும் கைலிகளுள் பல இந்தோனேசிய ஆலைகளில் ஓடுபவை. ஊரின் பெயர் துணியின் பெயராகத் தங்கிவிட்டது. நெய்தவரை அங்கு எவரும் அறியார்.

நம் கடமை

இவ்வரலாறு நமக்கு விதிக்கும் கடமை எளிது. ஏழைக்கு மலிவுத் துணி வேண்டும். அதை நெய்யும் விசைத்தறித் தொழிலாளிக்கு உரிய கூலி வேண்டும். கைத்தறி எனும் பெயர் கைத்தறித் துணிக்கே உரியதாக இருக்க வேண்டும். மூன்றாவது நிறைவேறாதவரை, கூடுதல் விலை கொடுக்க மனமுள்ளவரின் பணமும் கைத்தறி நெசவாளரைச் சென்றடையாது. விசைத்தறிச் சேலைக்குக் கைத்தறி என்று பொய்ச்சீட்டு ஒட்டப்படும் ஒவ்வொரு முறையும், வாங்குபவர் ஏமாறுவதோடு குழித்தறியில் அமர்ந்திருப்பவரின் கூலியும் களவு போகிறது.

துணி வணிகத்தில் நம் சமுதாயத்தார் பலர் உள்ளனர். கைத்தறி எது, விசைத்தறி எது என வாடிக்கையாளரிடம் கேளாமலே சொல்லிவிடுவது அவர்களின் தொழில் அமானிதம். ரமளானில் ஏழைகளுக்கெனக் கட்டுக்கட்டாகக் கைலியும் சேலையும் வாங்கும் செல்வந்தர்கள், ஒருமுறை துவைத்ததும் சாயம் போகும் சரக்கைத் தேடாது, உழைக்கும் துணியைத் தேர்வதே பெறுபவர்க்குச் செய்யும் மரியாதை. வசதியுள்ளோர் தம் வீட்டுத் திருமணத்துக்கு எடுக்கும் பல துணிகளுள் ஒன்றையேனும் முத்திரை பார்த்துக் கூட்டுறவுச் சங்கத்தில் வாங்கலாம். தாவூத் நபி (அலை) அவர்களுக்குக் கவசம் செய்யும் கலையைக் கற்பித்ததாக அல்லாஹ் தன் திருமறையில் கூறுகிறான். அரசராயிருந்தும் கை உழைப்பால் உண்ட அந்நபியை மதிப்போர், இன்னும் தறியில் அமர்ந்திருக்கும் கைகளுக்குரிய விலையை மறுக்கலாகாது.