எஞ்சியது தாயின் சுருள்: ‘ஃபிளேமிங் யூத்’ (1923) படத்தின் குளக் காட்சி பற்றி ஒரு மறுவாசிப்பு

ஒன்பது சுருள்களில் ஒன்றுதான் மிஞ்சியிருக்கிறது. அமெரிக்கக் காங்கிரஸ் நூலகத்தில் உள்ள அந்தப் பத்து நிமிடச் சொச்சத்தை வைத்துக்கொண்டு, ஜான் ஃபிரான்சிஸ் டில்லன் இயக்கிய ‘ஃபிளேமிங் யூத்’ மீது ஒரு தீர்ப்பு எழுதப்பட்டு நிலைத்தும் விட்டது. துணிச்சலான நாவலின் பல்லைப் பிடுங்கி ஹாலிவுட் படமாக்கியது என்பது அதன் முதற்பகுதி. விளம்பரத்தில் நிர்வாணம் என்று கூவிவிட்டுத் திரையில் வெறும் நிழலைக் காட்டி ஏமாற்றியது என்பது இரண்டாவது. படம் இளைய தலைமுறையின் களியாட்டத்தைக் காட்டும் சித்திரம், அதில் கொலீன் மூர் ஏற்ற ஃபிளாப்பர் (கட்டுமீறிய புதுயுகப் பெண்) வேடம் ஆபத்தில்லாத ஒரு குறும்பு என்பது மூன்றாவது. முதற்பகுதியோடு எனக்குப் பெரிய வழக்கில்லை. மற்ற இரண்டும் ஒரே காட்சியை அவசரமாகப் பார்த்ததால் விளைந்தவை என்று கருதுகிறேன்.

ஃபென்ட்ரிஸ் குடும்பத்து வீட்டில் நடக்கும் விருந்தின் குளக் காட்சி அது. ஒளி பின்னாலிருந்து விழுகிறது. ஆண்களும் பெண்களும் கருநிழல்களாக நின்று உடை களைகிறார்கள், நீரில் குதிக்கிறார்கள். தணிக்கைக்குப் பயந்து கையாண்ட தந்திரம் என்று இதைச் சொல்லிக் கடந்துபோவது வழக்கமாகிவிட்டது. தந்திரம்தான், ஒப்புக்கொள்கிறேன். ஒளிப்பதிவாளர் ஜேம்ஸ் வான் ட்ரீஸுக்கு வேறு வழி இருந்திருக்காது. ஆனால் ஓர் உத்தி எதற்காகப் பிறந்தது என்பது ஒரு கேள்வி. பிறந்தபின் அது திரையில் என்ன செய்கிறது என்பது வேறு கேள்வி. எனக்கு முன் எழுதியவர்கள் முதற்கேள்விக்கு விடை கண்டதும் புத்தகத்தை மூடிவிட்டார்கள்.

குதிப்பவர்கள் யார்? ஆய்வுகள் ஏறத்தாழ ஒருமுகமாக ‘இளைஞர்கள்’ என்கின்றன. இந்த விடை படத்தின் தலைப்பிலிருந்து வந்ததே தவிர, காட்சியிலிருந்து வந்ததன்று. நிழலில் ஆண் பெண் வேறுபாடு தெரியும், வயது தெரியாது. நிழலுக்கு நரையில்லை, திரையில்லை. முகத்தைப் பறித்த அந்த ஒளியமைப்பு, கூடவே வயதையும் பறித்துவிடுகிறது. இருபது வயதுக்காரியா நாற்பது வயதுக்காரியா என்று சொல்ல முடியாத உடல்களைப் படம் நம்முன் நிறுத்துகிறது. அவற்றின்மேல் ‘இளமை’ என்ற சீட்டை ஒட்டியது நாம்.

விருந்து யாருடைய வீட்டில் நடக்கிறது என்பதையும் பார்க்க வேண்டும். வீட்டுக்காரர்கள் மோனாவும் ரால்ஃபும், மூர் ஏற்ற பாட்ரீஷியாவின் பெற்றோர். மோனாவாக வரும் மிர்ட்டில் ஸ்டெட்மனுக்கு அப்போது நாற்பதை ஒட்டிய வயது. ரால்ஃபாக வரும் ஃபிலிப்ஸ் ஸ்மாலி ஐம்பதைத் தாண்டியவர். (ஸ்மாலி, இயக்குநர் லோயிஸ் வெபரின் முன்னாள் கணவர். அந்த வெபர் 1915லேயே ‘ஹிப்போக்ரிட்ஸ்’ படத்தில் உண்மையை நிர்வாணப் பெண்ணாகத் திரையில் நடமாடவிட்டவர். நிழலைக் கண்டு 1923இன் துணிச்சலை அளப்பவர்கள் இதையும் கணக்கில் சேர்க்கலாம்.) பாட்ரீஷியாவோ கதையின் இந்தக் கட்டத்தில் பெரியவர்களின் உலகத்துக்குள் இன்னும் முழுதாக நுழையாத கடைக்குட்டி. எஞ்சிய சுருள் தாய் உயிரோடிருக்கும் பகுதியைச் சேர்ந்தது. அதை மகளின் படம் என்று வாசித்ததில்தான் பிழை தொடங்குகிறது.

இது என் கற்பனை என்று தள்ளுவோருக்கு அன்றைய விளம்பரத்தைக் காட்டுவேன். ராபர்ட் லிண்ட், ஹெலன் லிண்ட் இருவரும் இண்டியானா மாநிலத்து மன்சி நகரை ஆராய்ந்து 1929இல் வெளியிட்ட ‘மிடில்டவுன்’ நூல் அந்த விளம்பர வாசகத்தைப் பதிவு செய்திருக்கிறது. அதில் முத்தங்களைப் பற்றி வரும் சொற்களைத்தான் எல்லோரும் எடுத்தாள்கிறார்கள். அதே வாசகம் இன்பத்துக்கு அலையும் மகள்களைச் சொன்ன கையோடு, கிளர்ச்சிக்கு ஏங்கும் தாய்மாரையும் சொல்கிறது. டிக்கெட் விற்க நினைத்தவர்களுக்குத் தெரிந்திருந்தது, இது இரு தலைமுறைச் சரக்கு என்று. மேற்கோளை நறுக்கி நறுக்கித் தாயை வெளியே தள்ளியது பிற்கால வாசிப்பு.

நாவலும் இதற்குச் சாட்சி. வார்னர் ஃபேபியன் என்ற புனைபெயரில் அதை எழுதியவர் சாமுவேல் ஹாப்கின்ஸ் ஆடம்ஸ். பெண்களின் அந்தரங்கம் அறிந்த மருத்துவர் என்ற வேடத்தில் முன்னுரை எழுதினார். 1905இல் ‘காலியர்ஸ்’ இதழில் போலி மருந்து வியாபாரிகளின் முகத்திரையைக் கிழித்தவர், தம் நாவலை விற்கத் தாமே போலி வைத்தியரானது ஒரு வேடிக்கை. அவர் நூலை அக்காலப் பெண்ணுக்கே சமர்ப்பிக்கிறார். அவளுடைய குணங்களையும் குறைகளையும் நீளமாக அடுக்கிக்கொண்டு போகும் அந்தச் சமர்ப்பணம், இவள் எப்படிப்பட்ட உயிருக்குத் தாயாகப் போகிறாள் என்ற கேள்வியில் வந்து நிற்கிறது. மோனா இறந்தபின்னும் நாவலை விட்டுப் போவதில்லை. குடும்ப மருத்துவர் இறந்தவளுக்கே கடிதம் எழுதிக்கொண்டிருக்கிறார். தாயை நேசித்த கேரி ஸ்காட் பின்னர் மகளின் காதலனாகிறான். படத்தில் அவ்வேடம் மில்டன் சில்ஸுடையது. ‘தாயைப் போல பிள்ளை, நூலைப் போல சேலை’ என்று நாம் சொல்லிவிட்டுப் போவதை, இந்தக் கதை ஒரு மருத்துவக் குறிப்பேட்டின் பதற்றத்தோடு விசாரிக்கிறது. தாயையும் மகளையும் பிரித்தறிய முடியாத நிழல், அந்த விசாரணைக்குப் பொருத்தமான வடிவம். டில்லன் இதையெல்லாம் எண்ணித்தான் எடுத்தார் என்று சொல்ல மாட்டேன். சொல்லத் தேவையும் இல்லை.

படம் நாவலன்று என்பார்கள். உண்மை. ஆயினும் மோனா, மருத்துவர், கேரி ஸ்காட் என்ற முக்கோணத்தைப் படம் கைவிடவில்லை. ஒன்பதில் ஒரு பங்கை வைத்து முழுப்படத்தைப் பேசலாமா என்ற கேள்வியை எழுப்புவோர், அதே ஒரு பங்கை வைத்துத்தான் படத்தை ‘ஏமாற்று’ என்று தீர்த்தார்கள். கொலீன் மூரின் பிந்தைய படங்களைக் கொண்டு இதை அளக்கும் வழக்கம் பற்றி அதிகம் பேச வேண்டியதில்லை. 1924இன் ‘தி பெர்ஃபெக்ட் ஃபிளாப்பர்’ அடுத்த ஆண்டுச் சரக்கு. அதைக் கொண்டு 1923ஐ அளப்பது பேரனைப் பார்த்துத் தாத்தாவுக்குச் சாயல் கண்டுபிடிப்பது போன்றது.

கத்தரித்த முடியின் கதையையும் இங்கே சேர்த்துப் பார்க்கலாம். 1968இல் வந்த தன்வரலாறான ‘சைலன்ட் ஸ்டார்’ நூலில், இந்த வேடம் கிடைப்பதற்காகத் தன் நீள்சுருள் முடி வெட்டப்பட்டதை மூர் சொல்கிறார். நாற்பத்தைந்து ஆண்டு கழித்து ஒரு நட்சத்திரம் சொல்லும் கதைக்குச் சான்று மதிப்பு குறைவு. அதன்மேல் எதையும் கட்டமாட்டேன். ஆனாலும் புதுயுகப் பெண்ணின் அடையாளமாகிவிட்ட அந்தத் தலையை உருவாக்கிய கத்தரிக்கோல், அவருடைய நினைவிலும் அம்மாவின் கையில்தான் இருக்கிறது.

காணாமற்போன சுருள்களில் இன்னொரு குதிப்பு இருந்தது. கதைச்சுருக்கங்களின்படி, உல்லாசப் படகொன்றில் இசைக்கலைஞன் ஒருவன் தன்னிடம் அத்துமீறுவதிலிருந்து தப்பக் கடலில் பாய்கிறாள் பாட்ரீஷியா. மாலுமி ஒருவன் காப்பாற்றுகிறான். பின்பு கேரி ஸ்காட்டுடன் சோதனைத் திருமணத்துக்கு இசைகிறாள். குளத்தில் கூட்டமாக, முகமின்றி, விரும்பிக் குதித்தவர்கள் ஒருபுறம். கடலில் தனியாக, உயிருக்கும் மானத்துக்கும் அஞ்சிக் குதித்தவள் மறுபுறம். என் வாசிப்பு சரியென்றால் குளக் காட்சி பாதி வாக்கியம். மீதியைப் படகுக் காட்சி முடித்திருக்க வேண்டும். தொலைந்ததாக நெடுங்காலம் கருதப்பட்ட மூரின் ‘வொய் பி குட்?’ (1929) படத்தின் பிரதி இத்தாலிய ஆவணக் காப்பகத்தில் கிடைத்தது போல, இதன் சுருளும் ஒருநாள் எங்கிருந்தாவது வரலாம். வந்தால் நான் முதலில் பார்ப்பது, படகின் விளிம்பில் நிற்பவள்மேல் விளக்கு எந்தப் பக்கத்திலிருந்து விழுகிறது என்பதை. அவள் முகம் தெரிந்தால் இந்தக் கட்டுரை நிலைக்கும். அவளும் நிழலாகவே குதித்திருந்தால், பழைய தீர்ப்போடு சேர்த்து என்னுடையதையும் மாற்றி எழுத வேண்டியிருக்கும்.