ஈறுக்குத் தனி நம்பர் கிடைச்ச கதை

இன்னைக்கு எபிசோட் ஒரு சின்ன கோடைப் பத்தி: சி03.1. ஆஸ்பத்திரி ஃபைல்ல இது இருந்தா, கீழ் ஈறுல புற்றுநோய்னு அர்த்தம். மேல் ஈறுன்னா சி03.0. எந்த ஈறுன்னு டாக்டர் எழுதலைன்னா சி03.9.

இந்த நம்பரெல்லாம் எங்கிருந்து வந்துச்சு? 1893-ல சிகாகோவுல நடந்த புள்ளியியல் மாநாட்டுல, பாரிஸ் நகரப் புள்ளியியல் துறைத் தலைவர் ஜாக் பெர்த்தியோன் ஒரு பட்டியலை முன்வைச்சார். ஒருத்தர் எந்த நாட்டுல இறந்தாலும், காரணத்தை ஒரே மாதிரி எண்ணணும். அதுதான் நோக்கம். இன்னைக்கு உலகம் முழுக்கப் பயன்படுற ஐசிடி அதுலேர்ந்து வளர்ந்ததுதான்.

1909 திருத்தத்துல, வாய்க்குள்ள வர்ற புற்றுநோய் எல்லாத்துக்கும் ஒரே நம்பர்: 39. நாக்கா, ஈறான்னு வித்தியாசம் கிடையாது. 1948-ல வந்த ஆறாவது திருத்தத்தை உலக சுகாதார நிறுவனம் பொறுப்பெடுத்துச்சு. இறப்புக் காரணங்களோட நோய்களும் பட்டியல்ல சேர்ந்துச்சு. நாக்குக்குத் தனி நம்பர் இருந்துச்சு. ஈறு மட்டும் 'வாயின் மற்ற பகுதிகள்'ல கிடந்துச்சு. 1965-ல நடந்த எட்டாவது திருத்தத்துலதான் ஈறுக்குன்னு 143 கிடைச்சது. பத்தாவது திருத்தத்துல அது சி03 ஆச்சு.

சரி, நம்பர் மாறினா என்ன இப்போ? இருக்கு. ஈறுக்கு அடியிலயே தாடை எலும்பு இருக்கு. கட்டி எலும்புக்குள்ள இறங்கினதும் ஃபைல்ல வெறுமனே 'தாடையில் புற்றுநோய்'னு எழுதினா, கோடிங் பண்றவர் சி41.1 போட வாய்ப்பிருக்கு. அது கீழ்த்தாடை எலும்புப் புற்றுநோய்க்கான கோடு. ஆனா ஈறுல தொடங்கி எலும்புக்குப் பரவின கார்சினோமாவுக்கு சி03.1தான் சரி. எங்க பரவுச்சுங்கிறது இல்ல, எங்க தொடங்குச்சுங்கிறதுதான் கணக்கு.

நம்ம ஊர்ல புகையிலையைக் கன்னத்துக்கும் ஈறுக்கும் நடுவுல அடக்கி வைக்கிற பழக்கம் உண்டு. அந்த இடத்துல வர்ற நோயை எலும்புக் கணக்குல போட்டா, புகையிலையோட பங்கு கணக்குலேர்ந்தே நழுவிடும்.

இந்தியாவுல இந்தக் கணக்கை எடுக்க ஐசிஎம்ஆர் 1981-ல தேசியப் புற்றுநோய்ப் பதிவுத் திட்டத்தைத் தொடங்குச்சு. முதல் பதிவகங்கள்ல சென்னையும் ஒண்ணு. ஆனா பதிவகம் எவ்வளவு நல்லா இருந்தாலும், கோடிங் பண்றவர் ஊகிக்கக் கூடாது. ஃபைல்ல இருக்கறதை மட்டும்தான் எடுக்கலாம். 'கீழ் ஈறு, எலும்புக்குப் பரவியுள்ளது'ன்னு டாக்டர் எழுத அஞ்சு செகண்ட் ஆகும். அவ்வளவுதான் வேணும்.