மேடை உரையும் மேசைக் குறிப்பும்: வாஷிங்டன், 1965

அமெரிக்கத் தற்காப்பு அமைச்சின் உயர் அதிகாரியான ஜான் மக்நாட்டன், 1965ஆம் ஆண்டு மார்ச் 24ஆம் நாள், அமைச்சர் இராபர்ட் மக்னமாராவுக்காக ஒரு குறிப்பு வரைந்தார். தென்வியட்நாமில் அமெரிக்காவின் நோக்கங்களை அவர் விழுக்காட்டில் பகுத்தார். அவமானந்தரும் தோல்வியைத் தவிர்ப்பதற்கு 70. அந்நிலம் சீனர் வசமாகாமல் காப்பதற்கு 20. அம்மக்கள் மேலான, சுதந்திரமான வாழ்வு பெறுவதற்கு 10.

இரு வாரங்களுக்குப் பின், ஏப்ரல் 7ஆம் நாள், அதிபர் லிண்டன் ஜான்சன் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக்கழகத்தில் உரையாற்றினார். சீனாவைப் பற்றியும் கொடுத்த வாக்கைப் பற்றியும் அவர் பேசாமல் இல்லை. ஆயினும், குறிப்பில் கடைசி இடம் பெற்ற நோக்கமே மேடையில் தலைமையிடம் பெற்றது. தென்கிழக்காசியாவின் வளர்ச்சிக்கு நூறு கோடி டாலர் முதலீடு செய்ய நாடாளுமன்றத்தைக் கேட்கப்போவதாகவும் அவர் அறிவித்தார்.

அவ்வுரைக்கு முந்திய நாள் எழுந்த ஆணையை நாம் இன்னும் கூர்ந்து நோக்க வேண்டும். தேசியப் பாதுகாப்புக் குறிப்பாணை 328 என்பது அதன் பெயர். டா நாங் விமானத் தளத்தைக் காக்க மார்ச் 8ஆம் நாள் கரையிறங்கிய மெரீன் படையினர் இனித் தாக்குதலிலும் இறங்கலாம் என அது இசைவளித்தது. அதே ஆணை, இம்மாற்றம் முன்கூட்டி வெளியே தெரியலாகாது என்றும், கொள்கை திடீரென மாறியதாகத் தோன்றவும் கூடாது என்றும் பணித்தது. மறைக்கும் எண்ணத்தையே எழுத்தில் பதிந்துவைத்த ஆவணம் வரலாற்று மாணவர்க்கு எளிதில் கிட்டுவதன்று.

மக்நாட்டனின் தாளோ ஒரு வரைவு. சட்டப் பேராசிரியராக இருந்தவரின் கணக்கிடும் பழக்கம் அதில் தெரிகிறது. அதனை அதிபரின் உள்ளக்கிடக்கை என்று கொள்ளுதல் பொருந்தாது. குறிப்பாணையின் நிலை வேறு. அது அதிபரின் முடிவுகளையே தாங்கிச் சென்றது. யார், யாருக்கு, எந்த நிலையில் எழுதியது என வினவாமல் இவ்விரண்டையும் ஒரே தட்டில் வைத்தல் ஆகாது. மக்னமாரா 1967இல் தொகுக்கப் பணித்த ஆவண வரலாறு 1971 ஜூன் 13 முதல் நியூயார்க் டைம்ஸ் நாளிதழில் வெளிவந்தபோதே பொதுமக்கள் இவற்றைக் கண்டனர்.

அவ்வாட்சியில் மாற்றுக் குரல் இல்லாமற் போகவில்லை. வெளியுறவுத் துணை அமைச்சர் ஜார்ஜ் பால், பெரும்படை இறங்கி உயிர்ச்சேதம் மிகுந்துவிட்டால் பின்வாங்க வழியிராது என்று 1965 ஜூலை 1ஆம் நாள் அதிபருக்கே எழுதினார். ஜூலை 28ஆம் நாள், படைவலிமை 75,000இலிருந்து 125,000ஆக உயரும் என ஜான்சன் அறிவித்தார். இது கொள்கை மாற்றமா என்று செய்தியாளர் வினவியபோது, மாற்றம் எதுவும் இல்லை என்றார்.