பேத்தியின் லேப்டாப்பும் ரேம் எண்களும்

போன வாரம் பேத்தி போனில் கூப்பிட்டாள். கல்லூரிக்கு லேப்டாப் வாங்குகிறாள். இப்போது பிராசஸர், ரேம், டிஸ்க் என்று ஒவ்வொன்றையும் நாமே தேர்ந்து சொன்னால் அதன்படி பூட்டித் தருகிறார்களாம். "தாத்தா, 5600 ரேம்ல 16 ஜிபி ஒரே ஸ்டிக்கா போடலாம். இல்லேன்னா 4800-ல ரெண்டு 8 ஜிபி. விலை கிட்டத்தட்ட ஒண்ணுதான். 5600தானே வேகம்?" என்றாள்.

யோசித்துச் சொல்கிறேன் என்று போனை வைத்தேன். ரேம் எண்ணைக் கவனிக்காமல் நான் ஒருமுறை பட்ட பாடு நினைவுக்கு வந்துவிட்டது.

1999-ல் ரிச்சி தெருவில் ஒரு கடையில் கம்ப்யூட்டர் அசெம்பிள் செய்து வாங்கினேன். சில மாதம் கழித்து அதே கடையில் இன்னொரு 32 எம்பி ரேம் போட்டுக்கொண்டேன். அன்றிலிருந்து தினமும் இரண்டு முறையாவது திரை உறைந்து நிற்கும். அப்பாவின் பழைய கையெழுத்துக் குறிப்புகளைத் தட்டச்சு செய்துகொண்டிருந்த சமயம் அது. பக்கம் பக்கமாக அடித்தது போயிற்று. வைரஸ் என்று சொல்லி விண்டோஸை மூன்று முறை மாற்றிப் போட்டார்கள். கடைசியில் அலுவலக நண்பர் ஒருவர் மூடியைக் கழற்றிப் பார்த்துவிட்டுச் சிரித்தார். போர்டு 100 மெகாஹெர்ட்ஸில் ஓடுகிறது. புதிதாகப் போட்ட ரேமோ 66-க்கானது. அன்று முதல் ரேம் லேபிளைப் படிக்கும் பழக்கம் வந்தது.

இந்த எண்களுக்கென்று ஒரு கதை உண்டு. ஒரே ஒரு டிரான்சிஸ்டர், மின்னூட்டத்தைத் தேக்கிவைக்க ஒரு சின்னக் கெபாசிட்டர்: இவ்வளவுதான் ஒரு பிட் நினைவகம். 1966-ல் ஐபிஎம்மில் ராபர்ட் டென்னார்டுக்குத் தோன்றிய யோசனை இது. 1968-ல் காப்புரிமை கிடைத்தது. 1970-ல் இன்டெல் 1103 என்ற சிப்பை விற்பனைக்குக் கொண்டுவந்தது. அதன் கொள்ளளவு 1024 பிட். அதுவரை கோலோச்சிய காந்த வளைய நினைவகத்தை இத்தகைய சிப்புகள்தான் வீட்டுக்கு அனுப்பின.

தொண்ணூறுகளின் நடுப்பகுதி வரை ரேமில் 70, 60 என்று எழுதியிருக்கும். அது நானோ செகண்ட் கணக்கு, அதாவது கேட்டதைக் கொடுக்க ஆகும் நேரம். எண் குறையக் குறைய நல்லது. பிறகு எஸ்டிராம் வந்தது. லேபிளில் மெகாஹெர்ட்ஸ் ஏறியது. 1998-ல் பிசி100, அடுத்து பிசி133. இப்போது எண் கூடக் கூட நல்லது. அளவுகோலே தலைகீழாகிவிட்டது.

அதன் பிறகு விளம்பரப் போட்டி. இன்டெல் ஆதரித்த ராம்பஸ் ரேமுக்கு பிசி800 என்று பெயர். போட்டியாக வந்த டிடிஆர் ரேமை அதே கணக்கில் பிசி200, பிசி266 என்று அழைத்தால் யார் வாங்குவார்கள்? ஆகவே வினாடிக்கு எத்தனை மெகாபைட் என்ற கணக்கில் பிசி1600, பிசி2100 என்று பெயர் வைத்தார்கள். வேடிக்கை என்னவென்றால், பிசி800-ம் பிசி1600-ம் வினாடிக்கு அனுப்பியது ஒரே 1600 மெகாபைட்தான்!

சரி, அன்றைய 133 இன்று 5600 ஆகிவிட்டதே, நாற்பது மடங்கு வேகமா என்றால், இல்லை. லேபிளில் சிஎல் என்று இன்னொரு எண் இருக்கும். கேட்ட பிறகு எத்தனை கடிகாரத் துடிப்பு காத்திருக்க வேண்டும் என்பதை அது சொல்லும். கணக்குப் போட்டுப் பாருங்கள். நல்ல பிசி133 ரேமில் (சிஎல்2) காத்திருப்பு 15 நானோ செகண்ட். டிடிஆர்4-3200, சிஎல்22 என்றால் 13.75. டிடிஆர்5-5600, சிஎல்46 என்றால் சுமார் 16.4. இருபது வருடத்துக்கு மேலாகியும் இருந்த இடத்திலேயே இருக்கிறது.

காரணம், அந்தச் சின்னக் கெபாசிட்டரில் உள்ள துளி மின்னூட்டத்தை உணர்ந்து படிக்க ஆகும் நேரம் பெரிதாகக் குறையவில்லை. கிணற்றின் ஆழம் அதேதான்; வாளியைத்தான் பெரிதாக்கினார்கள். முதல் டிடிஆர் ஒரே இறைப்பில் 2 பிட் எடுத்தது. டிடிஆர்2 நான்கு, டிடிஆர்3 எட்டு, டிடிஆர்5 பதினாறு. பிராசஸரோ இதற்குள் 500 மெகாஹெர்ட்ஸிலிருந்து நாலைந்து ஆயிரத்துக்குப் போய்விட்டது. அன்று ஏழெட்டுத் துடிப்பு காத்திருந்தது, இன்று எழுபது எண்பது துடிப்பு காத்திருக்கிறது. இந்தச் சுவர் வரப்போகிறது என்று வுல்ஃப், மெக்கீ என்ற இருவர் 1995-லேயே எழுதினார்கள். பிராசஸருக்குள்ளேயே கேஷ் மெமரியைப் பெருக்கிக்கொண்டே போவதும் இதனால்தான்.

மறுநாள் பேத்தியிடம் சொன்னேன். "காத்திருப்பு ரெண்டுலயும் ஒண்ணுதாம்மா. 5600 ஒரே ஸ்டிக்னா வினாடிக்கு 44.8 ஜிபி. 4800 ரெண்டு ஸ்டிக் சேர்ந்து ஓடினா 76.8. உன் பிராசஸர் 5600-ஐ ஏத்துக்குமான்னும் பார்த்துக்கோ. ஏத்துக்கலேன்னா அதுவா வேகத்தைக் குறைச்சுக்கும், குடுத்த காசு வீண். ஆனா ஒண்ணு, ரெண்டு ஸ்லாட்டும் நிறைஞ்சிட்டா நாளைக்கு 32 ஜிபி வேணும்னா ரெண்டையும் கழட்டணும்."

கொஞ்ச நேரம் யோசித்தவள், "அப்போ 4800 ரெண்டு ஸ்டிக்கே போட்டுக்கறேன். ஆமா தாத்தா, உங்க 1999 ரேமும் என் ரேமும் காத்திருக்கிறதுல ஒண்ணுதானா?" என்றாள்.

"ஒண்ணுதான். அடிச்சதை மட்டும் அப்பப்போ சேவ் பண்ணிக்கோ" என்றேன். அப்பாவின் அந்தப் பக்கங்களை நான் மறுபடி அடித்து முடிக்க இரண்டு வருடம் ஆனது.