நிலவாக்கப்பட்ட மேய்ச்சல் நிலம்: வேற்றுலகத் தோட்டக்கலைக்குப் பெங்களூரில் ஒரு முன்வரலாறு

2024 டிசம்பர் 30 அன்று ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து ஏவப்பட்ட பி.எஸ்.எல்.வி. சி-60 ஏவூர்தியின் நான்காம் நிலை, முதன்மைப் பணி முடிந்தபின்னும் ஓர் ஆய்வுமேடையாகப் பூமியைச் சுற்றிவந்தது. அம்மேடையில் இருந்த கருவிகளுள் ஒன்று, திருவனந்தபுரத்து விக்ரம் சாராபாய் விண்வெளி மையம் வடிவமைத்த மூடிய பெட்டி. அதனுள் எட்டுக் காராமணி விதைகள் இடப்பட்டிருந்தன. கொங்கு நாட்டார் தட்டைப்பயறு என்பர். நான்கு நாள்களில் அவை முளைத்தன. அடுத்த ஓரிரு நாள்களில் இலையும் விட்டன. 2025 ஜூன், ஜூலை மாதங்களில் பன்னாட்டு விண்வெளி நிலையத்தில் தங்கிய சுபான்ஷு சுக்லா பாசிப்பயறும் வெந்தயமும் முளைக்கவைத்தார். அச்சோதனையின் பின்னணியில் இருந்தவர்கள் கர்நாடகத்துத் தார்வாட் ஆய்வாளர்கள்.

இச்செய்திகள் எதிர்காலத்தின் தொடக்கமாகவே எழுதப்பட்டன. வரலாற்று மாணவருக்கு அப்பெட்டி பழகிய பொருள். 1829இல் நதானியேல் வார்டு என்னும் லண்டன் மருத்துவர், மூடிய கண்ணாடிக் குப்பிக்குள் பெரணி தானாகவே முளைத்து வாழ்வதைக் கண்டார். உள்ளிருக்கும் ஈரம் ஆவியாகிக் கண்ணாடியில் படிந்து மீண்டும் மண்ணுக்கே இறங்கியதால், வெளியிலிருந்து நீர் ஊற்ற வேண்டிய தேவை எழவில்லை. 1833இல் அவருடைய கண்ணாடிப் பெட்டிகளில் செடிகள் சிட்னிவரை கப்பலேறின. உப்புக்காற்றையும் நன்னீர்த் தட்டுப்பாட்டையும் தாங்காமல் நடுக்கடலில் மடிந்துவந்த செடிகள் அதன்பின் கண்டம் விட்டுக் கண்டம் உயிரோடு போய்ச் சேர்ந்தன. சீனத்துத் தேயிலையை இமயமலைச் சாரலுக்குக் கொண்டுவந்தது இந்தப் பெட்டிதான். தன் சூழலைத் தானே சுமந்து செல்லும் தோட்டம் என்னும் கருத்து ஏவூர்திக்கு ஒரு நூற்றாண்டுக்கும் மேல் மூத்தது.

பெங்களூர் அவ்வலைப்பின்னலின் ஒரு கண்ணி. ஐதர் அலி 1760இல் தொடங்கிய லால்பாக்கைத் திப்பு சுல்தான் அயல்நாட்டுச் செடிகளால் விரிவாக்கினார். இந்தியாவின் முதல் தைலமரங்கள் 1790 வாக்கில் நந்தி மலையில் நடப்பட்டதும் அவர் காலத்தில்தான். 1799இல் திப்பு வீழ்ந்தபின் தோட்டம் பல கைகள் மாறியது. 1856இல், சென்னை மாகாணத்தின் முதல் வனப் பாதுகாவலரான ஹியூ கிளெக்கார்னின் பரிந்துரையால் அரசுத் தோட்டக்கலைப் பூங்காவாயிற்று. 1858இல் லண்டன் கியூ தாவரவியல் தோட்டத்திலிருந்து வில்லியம் நியூ வந்தார். 1874 முதல் 1908 வரை பொறுப்பிலிருந்த ஜான் கேமரான் காலத்தில் கண்ணாடி மாளிகை எழுந்தது. அதன் அடிக்கல் 1889இல் நாட்டப்பட்டது. அமெரிக்கக் கண்டத்துச் சௌசௌவை இங்கே பரப்பியவர் என்று கேமரானையே குறிப்பிடுவர். தமிழ்நாட்டில் அதற்கு இன்றும் பெங்களூர் கத்தரிக்காய் என்றொரு பெயர் உண்டு. மெக்சிகோவில் பிறந்த காய்க்குப் பெங்களூரை ஊராக்கிய அந்தப் பெயரே 'புதிய சூழலுக்குப் பழக்குதல்' என்னும் தாவரவியல் திட்டத்தின் வெற்றிச் சான்று.

லால்பாக்கோடு கதையை முடித்துக்கொள்வது வழக்கம். அதே அரசர்கள் பேணிய இன்னொரு நிலத்தைப் பற்றிப் பேசுவோர் குறைவு. சிக்கதேவராஜ உடையார் காலத்தில் 'பெண்ணெ சாவடி' என்ற பெயரில் ஒழுங்குபடுத்தப்பட்ட அரண்மனை மாட்டு மந்தைக்குத் திப்பு 'அமிர்தமகால்' என்று பெயரிட்டார். பால், வெண்ணெய் என்று தொடங்கிய அம்மந்தை, பீரங்கியும் பாரமும் இழுக்கும் காளைகளுக்காகவே புகழ்பெற்றது. இரண்டரை நாளில் நூறு மைல் கடந்து ஐதர் சிதம்பரத்துக்கு உதவிப்படை கொண்டுவந்தது இக்காளைகளின் வலுவால்தான் என்று ஆங்கிலேயப் பதிவுகள் வியக்கின்றன. மந்தை மேய்வதற்கென மைசூர் நாடெங்கும் ஒதுக்கிவைத்த புல்வெளிகளுக்குக் 'காவல்' என்று பெயர். தமிழ்க் காதுக்கு வேறு பொருள் ஒலிக்கும். ஒருவகையில் அதுவும் பொருத்தமே. உழவுக்குத் திறக்காமல் காக்கப்பட்டதால்தான் அப்புல்வெளிகள் இருநூறு ஆண்டுகளுக்குமேல் புல்வெளிகளாகவே நீடித்தன. 1860இல் சென்னை அரசு சிக்கனம் கருதி மந்தையை விற்றுவிட்டு, படைக்குக் காளை கிடைக்காமல் திண்டாடி, 1866இல் மீண்டும் அதை நிறுவியது தனிக்கதை.

தோட்டத்துக்கும் காவலுக்கும் ஆவணங்களில் கிடைத்த இடம் வேறுவேறு. வெளியிலிருந்து கொணர்ந்து நட்டவற்றுக்கு லால்பாக்கில் பட்டியல் உண்டு, பெயர்ப்பலகை உண்டு. காவலில் தானே முளைத்த புல்லோ காலனிய வருவாய்த்துறையின் கணக்கில் பெரும்பாலும் 'தரிசு'. மரம் இல்லாத இடம் குறையுள்ள இடம் என்னும் அப்பார்வை விடுதலைக்குப் பின்னும் மாறவில்லை. புல்வெளிகளிலும் ஏரிக்கரைகளிலும் தைலமரமும் வேலமரமும் நடப்பட்டன. நிலத்தடி நீர் குறித்த கவலை முற்றியபின், 2017இல் கர்நாடக அரசு புதிதாகத் தைலமரம் நடுவதற்குத் தடை விதித்தது. நந்தி மலையில் தொடங்கிய சோதனை தடையாணையில் முடிய இருநூற்று இருபத்தைந்து ஆண்டுகளுக்குமேல் ஆயிற்று.

வேறொரு கோளைப் பூமிபோல் ஆக்குவதற்குரிய ஆங்கிலச் சொல்லை 1942இல் ஜாக் வில்லியம்சன் ஓர் அறிவியல் புனைகதையில் உருவாக்கினார். தமிழில் புவியாக்கம் எனலாம். 1961இல் கார்ல் சேகன், வெள்ளியின் மேகங்களில் பாசியைத் தூவி அதன் வளிமண்டலத்தை மாற்றலாம் என்று எழுதினார். வெள்ளியின் தரையில் காற்றழுத்தம் பூமியைப்போல் ஏறத்தாழ தொண்ணூறு மடங்கு என்று தெரியவந்ததும் அக்கருத்து வலுவிழந்தது. 1991இல் கிறிஸ்டோபர் மெக்கேயும் உடனாய்வாளர்களும் செவ்வாயை வாழத்தக்கதாக்கும் வழிகளை ஆராய்ந்தனர். செவ்வாயில் எட்டக்கூடிய கரியமில வாயு அனைத்தையும் விடுவித்தாலும் போதிய வெப்பம் கிடைக்காது என்று 2018இல் ஜகோஸ்கியும் எட்வர்ட்ஸும் கணக்கிட்டனர். கோளை மாற்றும் பெருங்கனவு இவ்வாறு ஒடுங்க, மூடிய பெட்டிக்குள் பயிர், கிடைக்கும் மண்ணில் செங்கல் என்னும் சிறு வேலைகளே எஞ்சின. பெங்களூர் நுழைவது இங்கேதான்.

முதலில் மண். நிலவின் வெளிர்ந்த மேட்டு நிலங்கள் அனார்த்தோசைட் என்னும் பாறையால் ஆனவை. அத்தகைய பாறை நாமக்கல் மாவட்டத்தில் சித்தம்பூண்டி, குன்னமலை ஆகிய ஊர்களில் தரைக்கு மேலேயே கிடைக்கிறது. பெங்களூரின் யு.ஆர். ராவ் செயற்கைக்கோள் மையமும் சேலம் பெரியார் பல்கலைக்கழகமும் இணைந்து அப்பாறையைப் பொடியாக்கி நிலவுமண்ணுக்கு மாற்றாக ஒரு மண்ணை உருவாக்கின. அதற்கு 2020இல் காப்புரிமை கிடைத்தது. சந்திரயான்-2 கலத்துக்கான சோதனைகள் பெங்களூரில் இம்மண்ணின்மீதே நடந்தன. அமெரிக்காவிலிருந்து வாங்கினால் கிலோ ஒன்றுக்கு 150 டாலர் ஆகியிருக்கும், தேவையோ ஏறத்தாழ 60 டன் என்று அம்மையத்தின் அன்றைய இயக்குநர் மயில்சாமி அண்ணாதுரை பின்னர் விளக்கினார்.

அடுத்தது செங்கல். இந்திய அறிவியல் கழகத்தின் அலோக் குமார் குழுவினர் இஸ்ரோவினருடன் சேர்ந்து, மாற்றுமண்ணில் ஸ்போரோசார்சினா பாஸ்டூரி என்னும் நுண்ணுயிரையும் யூரியாவையும் கொத்தவரைப் பிசினையும் கலந்தனர். நுண்ணுயிர் யூரியாவைச் சிதைக்கும்போது உருவாகும் சுண்ணப் படிகங்கள் மண்துகள்களைப் பிணைக்கின்றன. கொத்தவரைப் பிசின் அவற்றை இறுக்கிப் பிடிக்கிறது. 2020இல் நிலவுக்கும் 2022இல் செவ்வாய்க்குமாக இவ்வாய்வுகள் வெளிவந்தன. செவ்வாய்மண்ணின் இரும்பு நுண்ணுயிருக்கு நஞ்சாக இருந்ததால், அதைச் சமாளிக்க நிக்கல் குளோரைடு சேர்க்க வேண்டியிருந்தது. வேற்றுலகச் சுவருக்குக் கொத்தவரை உதவும் என்று எந்தப் புனைகதையாளரும் ஊகித்திருக்க மாட்டார்.

மூன்றாவது நிலப்பரப்பு. இதுதான் இம்முன்வரலாற்றின் இடர்மிக்க பகுதி. கலம் இறங்கும்போது பள்ளங்களைக் கண்டு விலகுவதற்கான உணரிகளை விமானத்தில் பொருத்திச் சோதிக்க, தரையில் நிலவுக்குழிகள் தேவைப்பட்டன. அவை வெட்டப்பட்ட இடம் சித்ரதுர்கா மாவட்டம் சள்ளகெரே வட்டத்து உள்ளார்த்தி காவல். அமிர்தமகால் காவல்களுள் ஒன்று அது. 2009ஆம் ஆண்டையொட்டிச் சள்ளகெரேயின் காவல் நிலங்கள் பல்லாயிரம் ஏக்கர் அளவில் பாதுகாப்பு ஆராய்ச்சி நிறுவனம், பாபா அணு ஆராய்ச்சி மையம், இந்திய அறிவியல் கழகம், இஸ்ரோ ஆகியவற்றுக்கு ஒதுக்கப்பட்டிருந்தன. வெளிமான் மேய்ந்த, வரகுக்கோழி காணப்பட்ட புல்வெளி அது. சுற்றியிருந்த ஊர்களின் ஆடுமாடுகளுக்கு மேய்ச்சலும், ஆட்டுமயிரை நம்பிய கம்பளி நெசவுக்கு ஆதாரமும் அதுவே. வேலிகள் எழுந்தபின்னரே நிலம் கைமாறியது தங்களுக்குத் தெரியவந்தது என்று ஊரார் முறையிட்டனர். வழக்கு சென்னையில் அமர்ந்த தேசியப் பசுமைத் தீர்ப்பாயம்வரை சென்றது.

நிலவு உண்மையிலேயே வெறுமை. அங்கே குழிக்குள் இறங்கும் கலம் யாருடைய மேய்ச்சலையும் மறிப்பதில்லை. உள்ளார்த்தியை நிலவாக்க வேண்டுமானால், முதலில் அது தாளில் வெற்றிடமாக வேண்டியிருந்தது. அந்த வேலையைத் 'தரிசு' என்னும் சொல் நூறாண்டுக்கு முன்பே செய்துமுடித்திருந்தது. இதைச் சொல்வது சந்திரயானின் பெருமையைக் குறைப்பதாகாது. சோதனைக்கு ஒரு நிலம் வேண்டும் என்பதும் உண்மை, அந்த நிலம் காலியாக இருக்கவில்லை என்பதும் உண்மை. விண்வெளி ஆய்வைப் பாராட்டி எழுதப்படும் நூல்களில் இரண்டாவது உண்மைக்கு ஓர் அடிக்குறிப்புகூடக் கிடைப்பதில்லை.

இந்திய அறிவியல் கழகத்தின் பெங்களூர் வளாகத்திலேயே இதற்கு மாறான சோதனை ஒன்று உண்டு. 1980களில், இரண்டு எக்டேருக்கும் குறைவான வறண்ட நிலத்துண்டில் மேற்குத் தொடர்ச்சி மலையின் மரங்கள் நடப்பட்டன. இன்று அது நிழலும் ஈரமும் தங்கிய குறுங்காடு. சுற்றுப்புறத்தைவிட அங்கே வெப்பம் குறைவு என்றும், நிலத்தடி நீர் மேலேறியுள்ளது என்றும் வளாக ஆய்வாளர்கள் பதிந்துள்ளனர். பூமியிலேயே நிகழ்ந்த சிறு புவியாக்கம் எனலாம். அங்கும் முன்பிருந்த புதர்க்காட்டுக்கு என்று எவரும் பெயர்ப்பலகை வைக்கவில்லை.

2020இல், சந்திரயான்-3 திட்டத்துக்காக உள்ளார்த்தி காவலில் மீண்டும் நிலவுக்குழிகள் அமைக்க ஒப்பந்தப்புள்ளி கோரப்பட்டது. குழியின் விட்டம் 10 மீட்டர், ஆழம் 3 மீட்டர், மதிப்பீட்டுத் தொகை 24.2 லட்சம் ரூபாய். கட்டுமானப் பணி என்ற இனத்தின்கீழ் அது இடம்பெற்றிருந்தது.